தையல், மூச்சு, ஓய்வு: இடுப்புத்தளத்தின் மராட்டிய வரலாறு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'அடி தள்ளுதல்' என்பார்கள். மராத்தியில் 'அங்க் பாஹேர் யேணே' என்பார்கள். 'உடல் வெளியே வருதல்' என்பது அதன் பொருள். மருத்துவம் இதைக் கருப்பை இறக்கம் என்கிறது. இரு மக்கள் வழக்குகளும் உறுப்பின் பெயரைச் சொல்லாமல் நோயைச் சொல்கின்றன. கூச்சத்துக்கும் வலிக்கும் நடுவே பெண்கள் கண்டுகொண்ட வழி அது. இருமினால் கசியும் சிறுநீர், நெடுநேரம் நின்றால் அடிவயிற்றில் கனம், குந்தி உட்கார்ந்தால் வெளியே தட்டுப்படும் தசை ஆகியவற்றைப் பல்லாண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருந்திருப்பார்கள்.

இந்த நோயைப் புரிந்துகொள்ளவும் ஆற்றவும் வேண்டிய அறிவின் பெரும்பகுதி, கடந்த ஒரு நூற்றாண்டில் மகாராஷ்டிரம் என்ற ஒரே நிலப்பரப்பில் விளைந்தது அல்லது அங்கே வந்து சேர்ந்தது. லோணாவளாவில் ஒரு துண்டு, பம்பாயில் இரண்டு துண்டுகள், புணேயில் ஒன்று, கட்சிரோலியில் ஒன்று. அவை ஒன்றோடொன்று இணையவில்லை. இணையாமற்போனதன் விலையை அதே மாநிலத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் தம் உடலால் செலுத்தினார்கள். இப்பதிவு அந்தத் துண்டுகளின் வரலாறு.

முதலில் உடலைப் பார்ப்போம். இடுப்புக் கூட்டின் அடியில், முன்புற எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தொட்டில்போல் விரிந்திருக்கும் தசைத் தொகுதியே இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் அமர்ந்திருக்கின்றன. இருமும்போது அது இறுகி வாயில்களை அடைக்கும்; கழிக்கும்போது தளர்ந்து வழிவிடும். மூச்சோடும் அதற்கு உறவுண்டு. மூச்சை உள்ளிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்க, இடுப்புத்தளமும் சற்றுத் தாழும். வெளிவிடுகையில் இரண்டும் மேலெழும்.

மகப்பேற்று மருத்துவர்கள் இதை விளக்க ஒரு படகைக் காட்டுவதுண்டு. துறையில் நிற்கும் படகைத் தாங்குவது கீழேயுள்ள நீர். கயிறுகள் அதை விலகாமல் பிடித்திருப்பவை மட்டுமே. நீர் வற்றிவிட்டால் முழுப் பாரமும் கயிற்றின்மேல் விழும். சிறிது காலத்தில் கயிறு அறும். நீர் என்பது இடுப்புத்தளத் தசை. கயிறு என்பது கருப்பையைப் பிடித்திருக்கும் இணைப்புத் திசு. கயிற்றை மட்டும் மாற்றிக் கட்டுவதா, நீரையும் நிரப்புவதா, படகின்மேல் ஏற்றும் சுமையையும் குறைப்பதா என்பதே இந்த வரலாறு முழுதும் ஓடும் கேள்வி.

பழைய நூல்கள் இந்நோயை அறிந்திருந்தன. சரகரும் சுச்ருதரும் இருபது வகை யோனி நோய்களை எண்ணுகிறார்கள். இடம்பெயர்ந்த உறுப்பை எண்ணெயிட்டு, வெம்மை கொடுத்து, கையால் உரிய இடத்தில் அமர்த்தி, எண்ணெயில் தோய்த்த துணியை உள்வைக்கும் சிகிச்சையைச் சரக சங்கிதை விவரிக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோக பிரதீபிகை, குதிகாலால் அடிப்பகுதியை அழுத்திக் கீழ்த்தசைகளைச் சுருக்கி மேலிழுக்கும் மூலபந்தத்தைச் சொல்கிறது. இடுப்புத்தளத் தசையை மனிதன் தன் விருப்பத்தால் இயக்க முடியும் என்ற அறிவு அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்நூலின் நோக்கம் அபானவாயுவை மேலேற்றுவது. பிள்ளை பெற்றுத் தளர்ந்த பெண்ணின் உடல் அதன் அக்கறைக்குள் வரவில்லை.

அந்த உடல் மருத்துவச்சியின் கையில் இருந்தது. மராட்டிய வீடுகளில் பேற்றுக்குப் பின் 'சவ்வா மஹினா', அதாவது ஒன்றேகால் மாத ஓய்வு என்பது வழக்கம். கட்டிலுக்கு அடியில் கனலிட்ட 'சேக்டி', எண்ணெய்த் தேய்ப்பு, வயிற்றுக் கட்டு, தனிப் பத்தியம் எல்லாம் அதில் அடங்கும். இதை முழுக்கப் போற்றவும் வேண்டாம். கருப்பைவாய் முழுதாய்த் திறக்குமுன்னரே முக்கச் சொல்வதும், வயிற்றை மேலிருந்து அழுத்துவதும் இடுப்புத்தளத்தைச் சிதைக்கும் செயல்கள். அவையும் பேற்றறைகளில் நடந்தன. ஆயினும் பேற்றுக்குப் பின் பெண் சில வாரங்கள் கனம் தூக்கக்கூடாது என்ற அடிப்படை உண்மையை அந்த மரபு அறிந்திருந்தது. அந்த ஓய்வு எல்லாருக்கும் கிட்டவில்லை என்பதுதான் அதன் குறை. கூலிக்குப் போனால்தான் உலை எரியும் என்ற வீட்டில் சவ்வா மஹினா இல்லை.

நவீன மருத்துவம் இங்கே பெண்களை அணுகியபோது, முதல் தடை திரைச்சீலையாக இருந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டாத பெண்களுக்காக 1886-இல் பம்பாயில் காமா மருத்துவமனை திறக்கப்பட்டது. எடித் பீச்சி போன்ற பெண் மருத்துவர்கள் அதை நடத்தினார்கள். சென்னையில் மேரி ஷார்லீபின் முயற்சியால் கோஷா மருத்துவமனை தோன்றியதும் ஏறத்தாழ அக்காலமே. பேறு, பேற்றில் நிகழும் மரணம் ஆகியவையே அன்றைய அவசரம். பேற்றில் பிழைத்த பெண் அடுத்த முப்பது ஆண்டுகளை எப்படிக் கழிக்கிறாள் என்ற கேள்விக்கு அந்த அவசரத்தில் இடம் கிடைக்கவில்லை.

முதல் துண்டு 1924-இல் லோணாவளாவில் விளைந்தது. சுவாமி குவலயானந்தர் அங்கே கைவல்யதாமத்தை நிறுவி, 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். யோகத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர் துணிவு. உட்டியானத்திலும் நௌலியிலும் வயிற்றுக்குள் என்ன நேர்கிறது என்பதை அழுத்தமானி வைத்தும் எக்ஸ்-கதிர் கொண்டும் ஆராய்ந்தார். நௌலியின்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது என்று கண்டு, அந்த வெற்றிட நிலைக்குத் தம் குருவின் நினைவாக 'மாதவதாஸ் வெற்றிடம்' என்று பெயரிட்டார். மூச்சு, வயிறு, அடிவயிற்று அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பின் பகுதிகள் என்பதற்கு இந்திய மண்ணில் அளவுகோலோடு கிடைத்த தொடக்ககாலச் சான்று அது. பல பத்தாண்டுகள் கழித்து, 1980-களில், பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்செல் கோஃப்ரியே உட்டியானத்தை ஒத்த பயிற்சிகளைப் பேற்றுக்குப் பிந்திய பெண்களுக்கு என்றே வகுத்தார். அவை வழக்கமான இடுப்புத்தளப் பயிற்சியைவிட மேலானவை என்று மெய்ப்பிக்கப்படவில்லை. என்றாலும், லோணாவளாவின் கருவி பிரசவ அறையின் பக்கம் திரும்பியிருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க அது இடம் தருகிறது.

இரண்டாம் துண்டைப் பலர் மருத்துவமாகவே கருதமாட்டார்கள். பம்பாயின் பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தனர். மகப்பேற்றுப் பயன் குறித்த மசோதா 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது, ஆகவே அதன் சுமையை அரசும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாய் மகப்பேற்றுப் பயன் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. மேல்வீட்டுப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிட்டிய ஓய்வு, ஆலைப் பெண்ணுக்குச் சட்டமாகக் கிட்டத் தொடங்கிய தருணம் அது. ஆனால் வயலில் வேலை செய்தவர்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். நாடு முழுவதற்குமான 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கே பெரிதும் பயன்பட்டது.

மூன்றாம் துண்டு அறுவை மருத்துவம். கருப்பை இறக்கம் மேலைநாட்டு நூல்களில் பெரும்பாலும் முதிய பெண்களின் நோய். மான்செஸ்டரில் 1888 முதல் வளர்ந்த புகழ்பெற்ற அறுவை முறை கருப்பைவாயின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது. இனிப் பிள்ளை வேண்டாதவர்க்கு அது பொருந்தும். பம்பாய் மருத்துவர்கள் முன் வந்து நின்றவர்களில் பலர் இளம்பெண்கள். சிலர் இன்னும் ஒரு பிள்ளையும் பெறாதவர்கள். அவர்களுக்குக் கருப்பை வேண்டும். அது தாங்கவும் வேண்டும். கோவாவின் ஷிரோடாவில் பிறந்த விட்டல் நாகேஷ் ஷிரோட்கர், அப்பெண்ணின் தொடையிலிருந்தே உறுதியான நார்த்திசுப் பட்டை ஒன்றை எடுத்து, அதனால் கருப்பையைப் பின்புறத் திரிகத்து எலும்போடு கட்டித் தூக்கும் 'ஸ்லிங்' அறுவையை வகுத்தார். பி. என். புரந்தரே வயிற்றுச் சுவரின் உறையையே பட்டையாக்கி முன்புறம் தாங்கும் முறையைக் கண்டார். பின்னாளில் செயற்கை நாடாக்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்றும் இந்தியப் பாடநூல்களில் இவ்விரு பெயர்களும் நிற்கின்றன.

ஷிரோட்கரை உலகம் அறிந்தது கருச்சிதைவைத் தடுக்கக் கருப்பைவாயில் இடும் தையலுக்காக. அதைப் பற்றிய அவருடைய 1955-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளியானது சென்னையின் 'ஆன்டிசெப்டிக்' இதழில் என்பது நாம் நினைவில் வைக்கத் தக்க செய்தி. ஏழை இந்தியப் பெண்ணின் உடலிலிருந்து எழுந்த கேள்விக்கு இங்கேயே விடை தேடிய தலைமுறை அது. ஆயினும் படகு ஒப்புமைக்குத் திரும்பினால், அவர்கள் செய்தது கயிற்றை உறுதியாகக் கட்டும் வேலை. நீரை நிரப்பும் வேலை வேறொருவர் கையில் இருந்தது.

அந்த வேறொருவர் ஆர்னால்டு கீகல். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பணிபுரிந்த அவர், 1948-இல் இடுப்புத்தளத் தசையைப் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சுருக்கும் வலிமையை அளக்க அவர் உருவாக்கிய பெரினியோமீட்டரும் ஓர் அழுத்தமானியே. லோணாவளாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கால் நூற்றாண்டு இடைவெளியில் இரு அழுத்தமானிகள் அடிவயிற்றை அளந்தன. கீகல் வலியுறுத்தியது ஒன்று: வாயால் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. பல பெண்கள் சரியான தசைக்குப் பதிலாக வயிற்றையோ தொடையையோ இறுக்கிவிடுகிறார்கள். பரிசோதித்து, அளந்து காட்டித்தான் பழக்க வேண்டும். அவர் பெயர் உலகெங்கும் பரவியது. இந்தப் பாடம் பரவவில்லை. 'சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்குங்கள்' என்ற ஒற்றை வரியாக அது சுருங்கியது.

பம்பாயில் இயன்முறை மருத்துவக் கல்வி 1952-இல் கே. இ. எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. இளம்பிள்ளை வாதமே அன்றைய நெருக்கடி. கால்களை மீட்கும் கலையாக அது வளர்ந்தது; அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதே நகரத்தின் அறுவை அரங்குகளில் ஸ்லிங் கட்டப்பட்ட பெண், பக்கத்துக் கட்டடத்து இயன்முறை மருத்துவரிடம் அனுப்பப்படுவது வழக்கமாக வேரூன்றவில்லை. இடுப்புத்தளப் பயிற்சி இந்தியாவில் தனிச் சிறப்புத் துறையாக அரும்பியது அண்மைக் காலத்தில்தான், அதுவும் பெருநகரங்களில். யோகத்தின் பக்கம் புணேயில் கீதா ஐயங்கார் பெண்களுக்கென்றே எழுதிய யோக நூல் 1983-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மாதவிடாய், கருப்பம், பேற்றுக்குப் பிந்திய காலம் ஆகியவற்றுக்கேற்ப ஆசனங்களைப் பிரித்துச் சொன்ன அந்நூல், ஹடயோகத்தின் பழைய மௌனத்தை ஒரு பெண் உடைத்த செயல்.

இத்தனை அறிவாளர்களும் செய்யாத ஒன்றை மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் இருவர் செய்தார்கள். ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் கட்சிரோலி மாவட்டத்தில் 'சர்ச்' நிறுவனத்தைத் தொடங்கி, வாசா, அமிர்ஜா என்ற இரு கிராமங்களில் நோயென்று வந்தவர்களை மட்டும் பாராமல், ஊர்ப் பெண்களையே அழைத்துப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 1989-இல் லான்செட் இதழில் வந்தன. ஆராயப்பட்ட 650 பெண்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர்நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்குமுன் எப்போதேனும் மகளிர்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. அவற்றில் பாதி தொற்றுகள். எல்லாமே இடுப்புத்தள நோய்கள் அல்ல. ஆனால் குடும்பக் கட்டுப்பாடும் பேறும் தவிர வேறெதையும் பெண்ணிடம் கேட்காதிருந்த பொதுச் சுகாதாரத்துறைக்கு, கேட்டால்தான் தெரியும் என்று அந்த ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் செங்கற்பட்டை மையமாகக் கொண்டு 1981-இல் தலித் பெண்களின் முன்கையில் எழுந்த கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையமும், அடி தள்ளிய பெண்களின் வாய்மொழியைக் கேட்டுப் பதிவுசெய்தது. வயல்வேலை, சுமை, பேற்றுக்குப் பின் ஓய்வின்மை, கணவனிடமும் சொல்ல முடியாத வெட்கம் ஆகிய அனைத்தும் ஒரே கதையின் பகுதிகள் என்பதை அப்பெண்களே சொன்னார்கள். முழுமையான அணுகுமுறை என்று இன்று நாம் பேசுவதை அவர்கள் தம் அனுபவத்திலிருந்து அறிந்திருந்தார்கள்.

இனி பீட். வறட்சி மிகுந்த அந்த மராத்வாடா மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கணவனும் மனைவியுமாகக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரு 'கோய்தா'. ஓர் அரிவாள் என்பது அதன் பொருள். கணக்கில் அவர்கள் இரு மனிதர்கள் அல்லர், ஒரே கருவி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம். தலையில் கரும்புக் கட்டு, வயலோரக் குடிசை, கழிப்பிடமின்மை, பேற்றுக்குப் பின் விரைவிலேயே மீண்டும் சுமை. அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல், மிகுந்த உதிரப்போக்கு என்று சொன்ன பெண்களுக்குத் தனியார் மருத்துவமனைகள் சில கொடுத்த விடை கருப்பை அகற்றல். 2019-இல் செய்தி வெளியாகி, மாநில அரசு நியமித்த குழு விசாரித்தது. 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். அவர்களில் நாற்பது வயதைத் தொடாதவர்கள் பலர்.

கருப்பை அகற்றல் சிலருக்கு உயிர்காக்கும் சிகிச்சை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கருப்பையை எடுத்துவிட்டால் இடுப்புத்தளம் வலுப்பெறுவதில்லை. நீர் வற்றிய துறையில் படகை உடைத்துப் போடுவது போன்றது அது. பின்னாளில் எஞ்சிய பகுதியே கீழிறங்கக்கூடும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் இளவயதிலேயே மாதவிடாய் நின்று எலும்பும் தேயும். அறுவை முடிந்த பெண் அடுத்த பருவத்தில் அதே கரும்புக் கட்டைத் தூக்கப் போகிறாள் என்றால், நோயின் வேர் தொடப்படவே இல்லை. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

தடுப்பது பாதி வேலை. மாற்றாக எதைக் கொடுக்கிறோம் என்பது மறுபாதி. அதற்கான துண்டுகள் எல்லாம் நம்மிடம் உண்டு. தொடக்கநிலை இறக்கத்துக்குக் குறைந்தது பதினாறு வாரம், சிறுநீர்க் கசிவுக்குக் குறைந்தது மூன்று மாதம், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி என்கிறது பிரிட்டனின் தேசிய வழிகாட்டுநெறி. எல்லாருக்கும் இறுக்கும் பயிற்சியே மருந்துமல்ல. சிலருக்கு அத்தசை ஏற்கெனவே விறைத்து வலிக்கும், அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை. ஆகவே முதலில் பரிசோதனை வேண்டும் என்ற கீகலின் பாடம் இன்றும் பழையதாகவில்லை. உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் மலிவானது. மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் சரிசெய்வது, கனம் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிடப் பழகுவது ஆகியவை சிகிச்சையின் பகுதிகள். தேவைப்படுவோர்க்கு ஷிரோட்கரின் வழிவந்த அறுவை காத்திருக்கிறது. இவற்றோடு அம்பேத்கர் கேட்ட ஓய்வும் சேர வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு கேள்வியும் சேர வேண்டும்.

'முழுமையான மருத்துவம்' என்ற சொல் இன்று ஆடம்பரமான நலவாழ்வு விடுதிகளின் விளம்பரப் பலகையில் தொங்குகிறது. இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்கு அச்சொல்லின் பொருள் எளிதாகிவிட்டது. மூச்சை அறிந்தவரும் தசையை அறிந்தவரும் தையலை அறிந்தவரும் சட்டத்தை அறிந்தவரும், தலையில் சுமையோடு வரும் ஒரே பெண்ணைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே முழுமை. அதற்குமுன் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டில் இருமும்போது கால்களைச் சேர்த்துக்கொள்கிற அம்மாவிடமோ பாட்டியிடமோ, என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்கலாம். கட்சிரோலியில் எல்லாம் தொடங்கியது அப்படிக் கேட்டதில்தான்.